ஹாம் ரேடியோவில் கேட்பதற்கு எந்த ஆன்டெனா? நெல்லைச் சீமைக்கு ஒரு வழிகாட்டி

40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில்கூட, சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் 9-ஐத் தொட்டுக்கொண்டு நின்றால், உங்களுக்கு இன்னும் நீளமான கம்பி தேவையில்லை. புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் எடுத்துவிட்டு ஆன்டெனா பற்றிக் கேட்க வரும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். தலையை ஆட்டிவிட்டு நேரே கடைக்குப் போய் இன்னொரு சுருள் வயர் வாங்குகிறார்கள்.

நான் தொலைபேசித் துறையில் கம்பம் ஏறிச் சம்பாதித்தவன். இப்போது பாளையங்கோட்டையில் வீடு. திசையன்விளைக்குத் தெற்கே பனைகளுக்கு நடுவில் அப்பா விட்டுப்போன ஒரு விளை (தோட்டம்). மொட்டைமாடியில் அருமையாக வேலை செய்யும் ஆன்டெனா விளையில் சுமார்தான். விளையில் கட்டிய கம்பியை மாடியில் கட்டவே முடியாது. ஆகவே ‘எது நல்ல ஆன்டெனா’ என்று யாராவது கேட்டால், வீடு எங்கே, எந்த பேண்ட், யாரைக் கேட்க ஆசை என்று நானும் மூன்று கேள்வி கேட்பேன். இங்கே எழுதுவதெல்லாம் கேட்பதற்கு மட்டும். அனுப்பும் ஆன்டெனாவின் கணக்கு வேறு. அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு வாட்டும் காற்றில் ஏறியாக வேண்டும். கேட்கும்போது சிக்னலின் பலம் குறைந்தால் ரிசீவரில் கூட்டிக்கொள்ளலாம். இரைச்சலோடு கலந்து வந்த சிக்னலைப் பிரித்தெடுக்கத்தான் ரிசீவரால் முடியாது.

பெருமாள்புரத்தில் வாடகைக்கு இருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் போன் போட்டான். “மாமா, மாடியச் சுத்தி எழுவது அடி கம்பி கட்டிட்டேன். மீட்டரு ஒம்பதத் தாண்டி நிக்கு. ஆனா ஒரு ஸ்டேஷனும் வெளங்க மாட்டேங்கு.”

“கம்பி நல்லாத்தான் கேக்கு மருமவனே. எதக் கேக்குன்னு மொதல்ல பாரு.”

குறுகிய அலைகளில், அதாவது 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வெளியிலிருந்து வரும் இரைச்சல் ரிசீவருக்குள் இயல்பாக உண்டாகும் இரைச்சலைவிடப் பெரும்பாலும் அதிகம். பேண்டின் அதிர்வெண் கீழே போகப் போக, அதாவது மீட்டர் எண் ஏற ஏற, இந்த வித்தியாசம் ஏறும். 160 மீட்டரில் மிக அதிகம். கம்பியை இரண்டு மடங்கு நீட்டினால் சிக்னல் ஏறும், கூடவே இரைச்சலும் அதே அளவு ஏறும். காதுக்கு ஒரு லாபமும் இல்லை. உங்கள் கம்பி போதுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. பேண்டில் காலியான இடத்தில் ரிசீவரை வைத்து, ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால், மறுபடி மாட்டியதும் ஏறினால், கம்பி போதும். இனிமேல் செய்ய வேண்டியதெல்லாம் அந்த இரைச்சலைக் குறைப்பது.

அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஆன்டெனா வாங்குவது வீண் செலவு. ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து அணைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார். பிரேக்கரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடுவார். எல்இடி பல்பு, போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இப்போது எல்லார் வீட்டிலும் சுற்றும் பிஎல்டிசி மின்விசிறி, மின்சார ஸ்கூட்டர் சார்ஜர், மாடியில் சோலார் இன்வெர்ட்டர்: எல்லாவற்றுக்குள்ளும் வேகமாக ஆன் ஆஃப் ஆகும் மின்சுற்று இருக்கிறது, அதுதான் கத்துகிறது. சோலார் என்றால் பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

மெயினை அணைத்தும் விழவில்லை என்றால் அடுத்த வீடு, அல்லது மின்கம்பம். கம்பத்துப் பீங்கானில் பொறி பறந்தால் ‘கர்ர்ர்’ என்று ஒரே சீராக வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தப் பொறி நொடிக்கு 100 முறை அடிக்கும். உவரி, இடிந்தகரை பக்கம் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பீங்கானில் அப்பிவிடுகிறது. வெயில் காலத்தில் இது மோசம், ஒரு நல்ல மழை கழுவிவிட்டால் சில நாள் நிம்மதி. மழைக்கு மறுநாள் காலையில் பேண்ட் அமைதியாக இருந்தால் உங்கள் எதிரி பீங்கான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் இதற்குப் போதும். அதன் உள்ளே இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் தண்டுக்குத் திசை தெரியும். மீடியம் வேவில் திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸை வைத்து ரேடியோவைத் தரைக்குச் சமமாகச் சுழற்றிப் பழகுங்கள். ஒரு கோணத்தில் சத்தம் ஏறக்குறைய செத்துவிடும். அப்போது தண்டின் முனை நிலையத்தை நோக்கி நிற்கிறது. அதே வித்தையை ஸ்டேஷன் இல்லாத இடத்தில், இரைச்சலின் மேல் காட்டுங்கள். இரண்டு மூன்று இடத்தில் நின்று பார்த்தால் கோடுகள் எந்த வீட்டில் சந்திக்கின்றன என்று தெரியும். அப்புறம் அந்த வீட்டுக்குப் போய் எப்படிப் பேசுவது என்பது உங்கள் சாமர்த்தியம். நான் ஒரு நல்ல சார்ஜரைக் கையோடு வாங்கிக்கொண்டு போவேன்.

அடுத்தது கேபிள். ஆன்டெனாவைவிடக் கேபிளில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னலில், வெளிப்பக்கமாக வீட்டு இரைச்சல் ஊர்ந்து போய், ஆன்டெனா முனையில் உள்ளே நுழைந்து திரும்பி வரும். மாடியில் எவ்வளவு நல்ல ஆன்டெனாவை வைத்தாலும் சமையலறை சார்ஜர் கேட்பது இதனால்தான். சோதிக்க வேண்டுமா? ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் அந்த முனையில் 50 அல்லது 75 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். இப்போது ரிசீவர் மௌனமாக வேண்டும். இன்னும் ஸ்டேஷனோ இரைச்சலோ கேட்டால், உங்கள் கேபிள்தான் ஆன்டெனாவாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

மருந்து சோக், அதாவது கேபிளின் வெளிப்பக்கம் ஊரும் இரைச்சலைத் தடுக்கும் சுருள். 31-ஆம் கலவை ஃபெரைட் வளையம் ஒன்றில், 240 அளவு என்று கேட்டால் கிடைக்கும், மெல்லிய கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் கீழ் பேண்டுகளுக்கு நன்றாக வேலை செய்யும். ஒன்று ஆன்டெனா முனையில், இன்னொன்று வீட்டுக்குள் நுழையும் இடத்தில். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளில் குமிழாக ஒரு ஃபெரைட் இருக்குமே, அதை உடைத்து எடுத்து வரிசையாகக் கோத்தும் பார்க்கலாம், பலன் குறைவு, செலவு இல்லை. கேபிளுக்கு நான் கேபிள் டிவிக்காரர்களின் ஆர்ஜி-6 தான் போடுகிறேன். 75 ஓம் ஆயிற்றே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்பதற்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது.

சரி, இனி ஆன்டெனாக்கள்.

ஏற்கெனவே அனுப்புவதற்குக் கட்டிய டைபோல், அதாவது நடுவில் கேபிள் கொடுத்த இரு கைக் கம்பி, இருந்தால் 20 மீட்டர், அதற்கு மேல் உள்ள பேண்டுகளுக்கு வேறு எதையும் தேடாதீர்கள். 40 மீட்டருக்கும் கிராமத்தில் அது போதும். மொத்த நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் கிடைக்கும், 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம், நடுவில் வெட்டி இரு கையாக்க வேண்டும். ஆறேழு மீட்டர் உயரத்தில் கட்டினால் தலைக்கு மேலிருந்து இறங்கும் அலையை நன்றாகப் பிடிக்கும், பகலில் மதுரை, கோயம்புத்தூர், பெங்களூர்க்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வருவார்கள். தூரத்து நாடுகளுக்கு அந்த உயரம் போதாது. பக்கத்து வீட்டு இரைச்சல் பெரும்பாலும் மேலும் கீழுமாக ஆடும் செங்குத்து அலையாகத் தரையோடு வருவதால், படுக்கைவாட்டில் கட்டிய கம்பி அதைக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள், ஒரு முனையில் கப்பி போட்டு எடை தொங்கவிடுங்கள். மயில் வந்து உட்காரும். அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டவுனில் இருப்பவருக்கு என் முதல் தேர்வு சின்ன லூப். ஒரு மீட்டர் விட்டத்தில் அலுமினியக் குழாய் வளையம், அதன் அடியில் ஒரு ஆம்ப்ளிஃபையர். மின்புலத்தை விட்டுவிட்டு அலையின் காந்தப்புலத்தைப் பிடிக்கும் சாதனம் இது. வளையத்தின் சுற்றளவு அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை அதற்கு இரண்டு செவிட்டுப் பக்கம் உண்டு. வளையத்தின் தட்டையான முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் கேட்காது, விளிம்பு பார்க்கும் திசையில் நன்றாகக் கேட்கும். 40 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது நாலு மீட்டர் சொச்சம். ஒரு மீட்டர் வளையத்தின் சுற்றளவு மூன்று மீட்டர் சொச்சம். ஆகவே 40, 80, 160 மூன்றிலும் செவிட்டுப் பக்கம் கூர்மையாக இருக்கும், 20 மீட்டரிலிருந்து அதிர்வெண் ஏற ஏற மழுங்கிவிடும்.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பக்கத்து மாடி சோலார் இன்வெர்ட்டர் தரையோடு ஒரே திசையிலிருந்து வருகிறது, அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்பினால் செத்துவிடும். நமக்கு வேண்டிய ஸ்டேஷனோ வானத்திலிருந்து சரிந்து இறங்குகிறது, அதே திசையில் இருந்தாலும் முழுக்கச் சாகாது. அதனால் ஸ்டேஷனை நோக்கித் திருப்புவதைவிட இரைச்சலுக்கு முகம் காட்டித் திருப்புவதுதான் லூப்பைப் பயன்படுத்தும் முறை. இரைச்சல் உங்கள் வீட்டு வயரிங் முழுவதும் பரவி நாலாபக்கமும் கக்கினால் லூப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது லூப்பை வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். உயரம் தேவையில்லை, ஆள் உயரம் போதும். மாடியின் எந்த மூலை அமைதியானது என்று கையில் பிடித்துக்கொண்டே நடந்து பாருங்கள். நாலு அடி தள்ளினால்கூட வித்தியாசம் தெரியும்.

ஆன்லைனில் கிடைக்கும் மலிவு லூப் ஒன்றின் பெயரே எம்எல்ஏ-30. வாங்கலாம், தொடங்குவதற்குத் தப்பில்லை. ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் திறனுள்ள நிலையம், பாளையங்கோட்டைக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே. திருநெல்வேலி 1197 அதைவிடப் பக்கம். மலிவான ஆம்ப்ளிஃபையர் இவற்றின் பலத்தில் திணறி, இல்லாத இடத்திலெல்லாம் வானொலிப் பாட்டைக் கிளப்பும். 160 மீட்டரில் செய்தி வாசிப்பு கேட்டால் பேய் என்று நினைக்க வேண்டாம், அது ஆம்ப்ளிஃபையர் நிரம்பி வழிவது. மீடியம் வேவைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை ரிசீவர் முன்னால் போடலாம். ஆனால் ஆம்ப்ளிஃபையரே நிரம்பினால் அதற்கப்புறம் போடும் ஃபில்டருக்கு வேலையில்லை. வலுவான சிக்னல் தாங்கும் ஆம்ப்ளிஃபையராக வாங்க வேண்டும், அல்லது லூப்பின் முகத்தைத் தூத்துக்குடிக்குக் காட்ட வேண்டும். இன்னொன்று, லூப்போடு வரும் யுஎஸ்பி சப்ளையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சலைக் குறைக்க வாங்கிய பொருளுக்கு இரைச்சலை ஊட்டி வளர்க்கக் கூடாது.

சின்னக் குச்சி ஆன்டெனா, மினி-விப் என்பார்கள், அது மின்புலத்தைப் பிடிப்பது. விளையில் ஒரு மூங்கில் உச்சியில் வைத்தேன், ஒரு சாண் தகடுதான், ஆச்சரியமாகக் கேட்டது. டவுனில் வைத்தால் தெருவில் உள்ள அத்தனை சார்ஜரும் கேட்கும். டவுன்காரர்கள் இதை விட்டுவிடலாம்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி மண் இருந்தால், செலவே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தரையில் கிடக்கும் லூப். பக்கத்துக்கு நாலரை மீட்டர் வீதம் சதுரமாக, மொத்தம் 18 மீட்டர் சாதாரண வயரிங் வயரைத் தரையில் விரித்துக் கிடத்துங்கள். ஒரு மூலையில், ஓம் கணக்கில் 9-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். 73-ஆம் கலவையில் இரண்டு துளை உள்ள சின்ன ஃபெரைட்டில் ஆன்டெனாப் பக்கம் ஆறு சுற்று, கேபிள் பக்கம் இரண்டு சுற்று, இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக. அவ்வளவுதான். டைபோலைவிட எஸ்-மீட்டரில் மூன்று நான்கு புள்ளி குறைவாகக் காட்டும். முதல்முறை மாட்டியவர் கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். காதை வைத்துக் கேட்டால் 80 மீட்டரில் டைபோலில் மூழ்கிக் கிடந்த ஸ்டேஷன் இதில் தெளிவாக நிற்கும். தேரிப் பக்கத்துக் காய்ந்த செம்மண்ணில் நன்றாக இருக்கிறது. ஆற்றங்கரை வயலிலோ மானூர் பக்கத்துக் கரிசலிலோ மழைக்காலத்தில் மண் நனைந்ததும் இன்னும் செவிடாகும். ஆடு கடிக்கும், அணில் கடிக்கும். ஆணி அடித்து மண்ணோடு மண்ணாக வைத்தால் கொஞ்சம் தப்பிக்கும்.

இடம் இன்னும் கொஞ்சம் இருந்தால் கே9ஏஒய் லூப். 1997-இல் அமெரிக்க ஹாம் ஒருவர் எழுதிய வடிவம், அவர் அழைப்புக்குறியே பெயராகிவிட்டது. ஏழரை மீட்டர் கம்பம் ஒன்று, அதன் உச்சியிலிருந்து இரண்டு வளையக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும், ஒவ்வொன்றும் சுமார் 26 மீட்டர், அடியில் எர்த்தோடு ஒரு ரெசிஸ்டர். ரிலே, அதாவது மின்சாரத்தால் மாறும் சுவிட்ச், போட்டால் நாலு திசையை மாற்றி மாற்றிக் கேட்கலாம். ஒரு திசையைக் கேட்டு எதிர்த்திசையை மறப்பதுதான் இதன் வேலை. இடி ஒரு பக்கம் குமுறும்போது 160, 80 மீட்டரில் இதன் அருமை தெரியும்.

இனி விளை. அங்கே நான் கட்டியிருப்பது பெவரேஜ்.

ஹரால்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூறு ஆண்டுகளுக்கு முன் கண்டது. தாழ்வாக, நீளமாக, நேராக ஒரே கம்பி, தூர முனையில் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான் ஆன்டெனா. 1921 டிசம்பரில் பால் காட்லி என்பவர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரை ஊரில் கூடாரம் போட்டு, இந்தக் கம்பியைக் கட்டித்தான் அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்த அமெரிக்க ஹாம்கள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கேட்டார். இந்த வடிவம் வந்து ஒரு நூற்றாண்டு கடந்தும் 160 மீட்டரில் இதை விஞ்ச எளிய ஆன்டெனா எதுவும் இல்லை என்பது என் கட்சி.

இது வேலை செய்யும் விதம் நம் மண்ணுக்காகவே செய்ததுபோல் இருக்கும். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத தரைமேல் அலை வரும்போது, அதன் அடிப்பாகம் தரையில் இழுபட்டுப் பின்தங்க, அலை முன்பக்கமாகச் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் படுத்த கம்பியில் நீளவாக்கில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மண் எவ்வளவு மோசமான கடத்தியோ அவ்வளவு நல்லது. உப்புத் தண்ணீர் ஊறிய கடற்கரையில் அலை சாயாது, பெவரேஜ் ஊமையாகிவிடும். கடலை விட்டு உள்ளே தள்ளி, ஒன்றும் விளையாத காய்ந்த செம்மணல் தேரி என்றால் கொண்டாட்டம். பனைமரம் வரிசையாக நிற்கும், கம்பம் நடுகிற செலவும் இல்லை.

நீளம் கேட்க நினைக்கும் பேண்டின் ஒரு அலைநீளமாவது வேண்டும். 160-க்கு 160 மீட்டர். அதே கம்பி 80-இல் இரண்டு அலைநீளம் ஆவதால் இன்னும் கூர்மை. உயரம் இரண்டரை மீட்டர், தலைச்சுமையோடு ஆள் நடந்து போனாலும் தட்டாத உயரம். மரத்தில் நேராகச் சுற்றாமல் பிவிசி குழாய்த் துண்டைக் கட்டி அதில் கம்பியை ஓடவிடுங்கள். கம்பிக்கு நான் பழைய தொலைபேசி டிராப் வயரை விரும்புவேன், எஃகு கலந்தது, தொய்யாது, திருடுகிறவனும் சீந்த மாட்டான். செம்பு என்றால் ஒரு வாரம் தாங்காது. தூர முனையில் 450 ஓம் அளவில் இரண்டு வாட் ரெசிஸ்டர், கம்பி சுற்றிய வகை ஆகாது, கார்பன் வகை வேண்டும். இரண்டு முனையிலும் எர்த். மணலில் ஒற்றைக் கம்பி எர்த் போதாது. எக்ஸ்சேஞ்சில் செய்வதுபோல் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு நனைத்து வைக்கிறேன். ரிசீவர் முனையில் மேலே சொன்ன அதே 9-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர்.

ரெசிஸ்டர் இருக்கும் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஸ்டேஷன்தான் கேட்கும். இதை உலக வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். உருண்டையின் மேல் நூலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து லண்டன் சுமார் 320 டிகிரி. நியூயார்க் மேற்கே இருக்கிறது என்றுதான் தோன்றும், உண்மையில் 335 டிகிரி, வடக்கே வளைந்து வருகிறது. அதனால் ஒரே பெவரேஜ் ஐரோப்பாவுக்கும் கிழக்கு அமெரிக்காவுக்கும் ஆகும். ஜப்பான் 55, சிட்னி 125. திசையன்விளையில் நின்று நாங்குநேரி பக்கம் பார்த்து, கொஞ்சம் வலப்பக்கம் திரும்பினால் லண்டன். பதநீர் இறக்க வந்த பனையேறி, “இந்தக் கம்பி எங்க போவுது அண்ணாச்சி?” என்றார். லண்டனுக்கு என்றேன். கம்பி முடியும் இடம்வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, “பாதியிலயே நிக்கே” என்றார்.

எங்கே கட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது, மகேந்திரகிரியில் இஸ்ரோ இருக்கிறது, விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நூறு மீட்டர் கம்பியை இழுத்தால், கேள்வி கேட்க ஆள் வரும், வரவும் வேண்டும். சொந்த நிலம், உரிமத்தின் நகல் கையில், பக்கத்து நிலக்காரரிடம் ஒரு வார்த்தை. இது மூன்றும் இருந்தால் தொந்தரவில்லை.

கீழ் பேண்டுகளுக்கு இங்கே நல்ல காலம் தை, மாசி. சித்திரையில் சாயங்காலமானால் மலைப்பக்கம் இடி, ஐப்பசி கார்த்திகையில் எல்லாப் பக்கமும் இடி. அப்போது 160 மீட்டரைத் திறந்தால் பொரிகடலை வறுக்கும் சத்தம்தான். ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள். இன்னொரு விஷயத்துக்கும் ஆன்டெனா பொறுப்பில்லை. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊரை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதே அதனால்தான். பங்குனியிலும் புரட்டாசியிலும் பொழுது அடைந்தபின் மேலே அயனி மண்டலம் குமிழ் குமிழாகக் கலங்கும். அந்நேரம் வரும் சிக்னல் படபடவென்று நடுங்கும், பேச்சு குழறும். சோக்கை மாற்றியோ லூப்பைத் திருப்பியோ இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

2 மீட்டர் பேண்டுக்கு, இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழ். 144 மெகாஹெர்ட்ஸில் வெளி இரைச்சல் குறைவு, ரிசீவரின் சொந்த இரைச்சலும் கேபிள் இழப்பும்தான் தடை. ஆகவே இங்கே உயரம் வேண்டும், கெயின் (ஒரு திசைச் சிக்னலைக் கூடுதலாகப் பிடிக்கும் திறன்) வேண்டும், நல்ல கேபிள் வேண்டும். மெல்லிய ஆர்ஜி-58 நூறு மீட்டருக்கு 20 டெசிபெல் அளவில் விழுங்கிவிடும்; ஆர்ஜி-6 அதைவிட எவ்வளவோ மேல். ப்ரீஆம்ப், அதாவது ரிசீவருக்கு முன்னால் சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர், வைத்தால் மாடியில், ஆன்டெனா பக்கத்தில் வையுங்கள். விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸைக் கேட்க மட்டும் என்றால் 49 சென்டிமீட்டரில் இரண்டு குச்சி, 120 டிகிரியில் விரித்துப் படுக்கவைத்தால் போதும். தலைக்கு மேல் போகும் சில நிமிடம் நன்றாக விழும்.

இடிக்கு வருவோம். ஊரில் பெரியம்மா ஒருவர், “ஏய்யா, இந்தக் கம்பி இடிய இழுத்து வந்து எங்க குடிசையில போட்டுறாதே?” என்று கேட்டார். “இழுக்காது பெரியம்மா, பனை அதவிட ஒசரம்லா” என்றேன். அது உண்மைதான், ஆனாலும் எங்கோ தூரத்தில் விழும் மின்னலே 160 மீட்டர் கம்பியில் ரிசீவரைச் சுட்டெரிக்கும் அளவு மின்னழுத்தம் உண்டாக்கும். கேட்டு முடித்ததும் கேபிளைக் கழற்றி, வீட்டுக்கு வெளியிலேயே எர்த்தில் மாட்டிவிடுங்கள். வானம் குமுறத் தொடங்கியபின் கழற்றப் போகாதீர்கள். எந்தக் கம்பியும் அறுந்து விழுந்தால் மின்வாரியக் கம்பியைத் தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது. இதில் சமாதானமே கிடையாது.

அனுப்பவும் செய்கிறவர்கள் ரிசீவருக்குத் தனி ஆன்டெனா சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், மைக்கை அழுத்தியதும் கேட்கும் ஆன்டெனாவைத் துண்டிக்கும் ரிலே கட்டாயம். டிரான்ஸ்மிட் கம்பிக்குப் பக்கத்தில் லூப் இருந்தால் அதன் ஆம்ப்ளிஃபையர் ஒரே அழுத்தில் போய்விடும். பத்து மீட்டராவது தள்ளி வையுங்கள், அனுப்பும்போது அதன் மின்சாரத்தையும் அணையுங்கள்.

எது மேல் என்று முடிவு செய்ய எஸ்-மீட்டரை நம்பாதீர்கள். இரண்டு ஆன்டெனாவையும் ஒரு மாற்று சுவிட்சில் கட்டி, ஒரே ஸ்டேஷனை மாற்றி மாற்றிக் கேளுங்கள். பேச்சு எதில் புரிகிறது என்பதுதான் கேள்வி. கம்ப்யூட்டர் இருந்தால், அதுவே படித்துத் தரும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை இன்னும் நல்லது. 40 மீட்டரில் 7.074, 80-இல் 3.573, 160-இல் 1.840 மெகாஹெர்ட்ஸ். பிடித்த ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இரைச்சலோடு ஒப்பிட்ட டெசிபெல் கணக்கை அதுவே எழுதித் தரும். இரண்டு மலிவு எஸ்டிஆர் டாங்கிளில், அதாவது கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவரில், இரண்டு ஆன்டெனாவையும் மாட்டி, இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பட்டியலை ஒப்பிடுங்கள். ஒரு இரவை வைத்து எதையும் கழற்றிவிட வேண்டாம். தையில் தோற்ற லூப் சித்திரையில் மலைப்பக்க இடிக்கு முகம் காட்டி ஜெயிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரு வருடம் சேர்ந்தே இருக்கட்டும்.